பட்டுச் சூடு

எங்கள் தெருச் சலவைக்கடைக்காரர் போட்ட கால்சட்டை மடிப்பை வைத்து ஒருவர் வெங்காயம் நறுக்கியிருக்கிறார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் அந்தக் கால்சட்டையோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தன் முழங்காலைப் பத்திரமாக ஒதுக்கிக்கொள்வார் என்பது சத்தியம். மடிப்பு என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அவர் மனைவி எல்லோருக்கும் அக்கா. எண்பது தாண்டின கிழவர்களும் எழுபது தாண்டின அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா கஞ்சி போட்ட சட்டை ஹேங்கர் இல்லாமலே நிற்கும். இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் தானாக ஆபீசுக்குப் போய் வந்துவிடும். அவர் தேய்ப்பார், அவள் அலசுவாள், கஞ்சி போடுவாள், ஓட்டல் மேஜைவிரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். இந்த ஏற்பாட்டில் இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்ப்பதே போர்வை மடிக்கும்போதுதான். இந்த முனை இவர், அந்த முனை அவள். நடுவில் வந்து இரண்டு கைகளும் முட்டும்போது, "சாப்ட்டியா?", "சாப்ட்டேன்." அவ்வளவுதான் குடும்பப் பேச்சு.

இவர்களுக்கு ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோது, சட்டைகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்களைப் போட்டுவைக்கும் மரப்பெட்டியில் அவளை உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்ததால் பொத்தான் என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடம் போன பிறகும் போகவில்லை அந்தப் பெயர். பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துச் சாமான். பார்க்க ஒரு பருமனான டைப்ரைட்டர். காகிதம் போட இடமில்லை. டிவியில் மாட்டினால்தான் அதற்குக் கண் திறக்கும். பாட்டுக் கேட்கிற கேசட்டில்தான் அதன் மூளை முழுக்க இருக்கும். பொத்தான் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, ஆவியில் வேர்த்து வழிய, தட்டிக்கொண்டே இருப்பாள். "அம்மா, வந்து பாரேன். அப்பா, ஒரு நிமிஷம்." இவர்கள், "இந்த மூட்டை முடியட்டும் கண்ணு" என்பார்கள். சலவைக்கடையில் மூட்டை எப்போது முடிந்திருக்கிறது? உலகத்தில் கடைசி மனுஷன் செத்தாலும் அவன் போட்டிருந்த சட்டை வந்து சேரும்.

பொத்தான் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு ஊர் போனாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

மழை விட்டபிறகு மருமகன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். டீயைக் கையிலேயே ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை வீடு மாறியும் இதை எறிய அவள் விடவில்லை, எனக்கு இதை வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை மாமா, என்றாராம். பெட்டிக்குள் அந்தக் கம்ப்யூட்டர், ஒரு டேப் ரெக்கார்டர், அட்டை கிழிந்த ஒரு செய்முறைப் புத்தகம், ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் சின்னப் பிள்ளைக் கையெழுத்தில்: அம்மா அப்பாவுக்குக் காட்ட வேண்டியது.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கணவரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக அன்றைக்குத் திறந்த கடையை மத்தியானமே சாத்தினார்கள். தெருவில் நாலு பேர் கடியாரத்தைச் சரிபார்த்தார்கள்.

இதற்குமேல் நான் சொல்லப்போவதில் பாதி, மாடி வீட்டு டைப்பிஸ்ட்டம்மா சொன்னது. கால் பங்கு, துணி வாங்கப் போகிற சாக்கில் நான் பார்த்தது. மீதிக் கால் என் கைச்சரக்கு. எந்தக் கால் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் தகராறு டிவியில் வந்தது. வீட்டில் இருந்த புது டிவி தட்டையாக, அப்பளம் மாதிரி. அதில் அந்தக் கம்ப்யூட்டரின் ஒயரைச் செருக ஓட்டையே இல்லை. பிள்ளைத்தாச்சி மாதிரி பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய டிவி ஒன்றை டைப்பிஸ்ட்டம்மா தன் பரணிலிருந்து கொடுத்தாள். அதை மாடிப்படியில் இறக்கும்போது மூன்று ஆண்பிள்ளைகளுக்கு இடுப்புப் பிடித்தது. ஒருவர் இன்னும் சாய்வாகத்தான் நடக்கிறார்.

பொட்டி கிடைத்ததும் படம் வந்துவிடுமா? திருகைத் திருப்பினால் ஒரே புள்ளி மழை. மடிப்பு உட்கார்ந்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போனார். சட்டென்று மழை நின்று நீல வானம் வந்தது. அதன் மேல்மூலையில் ஒரு ஆங்கில வார்த்தை. அதன்கீழ் ஒரு சின்னச் சதுரம், இருக்கவா போகவா என்று இமைத்துக்கொண்டிருந்தது.

"ரெடியாம்" என்றாள் டைப்பிஸ்ட்டம்மா.

"எதுக்கு ரெடியாம்?"

"அதை எங்கிட்ட கேட்டா? அதுகிட்ட கேளுங்கண்ணே."

"நாம ரெடியான்னு கேக்குதோ என்னமோ" என்றாள் அக்கா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு.

டைப்பிஸ்ட்டம்மா வாழ்நாள் முழுக்க அரசாங்க ஆபீசில் தட்டினவள். அவள் தட்டின காகிதத்தில் பிழை கண்டுபிடிக்க ஒரு மேலதிகாரி பூதக்கண்ணாடி வாங்கி, கண்தான் கெட்டுப்போய் ரிட்டயர் ஆனார் என்பார்கள். அவள் விரலை நெட்டி முறித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு என்று ஆங்கிலத்தில் அழகாகத் தட்டினாள். கம்ப்யூட்டர், தப்பு என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தப்பு என்றது. டைப்பிஸ்ட்டம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பல் கட்டின வாயை இறுக்கிக்கொண்டு, "எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுதாம் இது?" என்று எழுந்து போய்விட்டாள். ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்துத்தான் அக்கா அவளைத் திரும்ப அழைத்துவந்தாள்.

பிறகு செய்முறைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூவரும் வரி வரியாகப் போனார்கள். டைப்பிஸ்ட்டம்மா வாசிப்பாள், மடிப்பு தேய்த்துக்கொண்டே கேட்பார், அக்கா கஞ்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்பாள். அதனிடம் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டளை மட்டும்தான் போட வேண்டும் என்பது மெல்லப் பிடிபட்டது. "உங்களை மாதிரிதான்" என்றாள் அக்கா கணவரிடம். "நல்லா இருக்கியான்னு கேட்டா புரியாது. சோறு போடுன்னா புரியும்." கேசட்டில் இருப்பதை ஏற்றச் சொல்லும் வார்த்தையைத் தட்ட வேண்டும், தட்டிவிட்டு டேப் ரெக்கார்டரை ஓடவிட வேண்டும், ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலும் அதற்குக் காது கேட்காது, கொஞ்சம் குறைந்தாலும் கேட்காது. கேசட்டிலிருந்து வந்த சத்தமோ, ஆயிரம் கொசுக்கள் ஒரு தகர டப்பாவுக்குள் சொத்துத் தகராறு பண்ணினால் எப்படி இருக்கும், அப்படி. வெளியே துணி வாங்க வந்தவர்கள் கொதிகலன்தான் வெடிக்கப்போகிறது என்று தெருமுனை வரை ஓடிப்போய் நின்று பார்த்தார்கள்.

துணி காயாத தூறல் நாள் ஒன்றில் அது நடந்தது. மடிப்பு சத்தத்தை ஒரு மயிரிழை குறைத்தார். திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. கிடைத்தது என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு பெயர்.

டைப்பிஸ்ட்டம்மா கண்ணாடியை மேலே தள்ளி எழுத்துக் கூட்டினாள். "கே, ஏ, டி... கடை. கடைன்னு பேர் வெச்சிருக்கா அக்கா."

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டியது. அந்த வீட்டில் கஞ்சி தரையில் சொட்டி யாரும் பார்த்ததில்லை.

"நம்ம கடையா?"

"வேற எந்தக் கடை" என்றார் மடிப்பு.

அதற்குமேல் வரவில்லை. பாதியில் தப்பு என்று சொல்லி நின்றுவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அந்த வீட்டில் ஏதோ விருந்து மாதிரி இருந்தது. அக்கா தக்காளி சூப் வைத்தாள். பொத்தான் கடையை எப்படிப் போட்டிருப்பாள், கொதிகலன் இருக்குமா, தள்ளுவண்டி இருக்குமா என்று மூவரும் பேசிப் பேசி, கடைசியில் அந்தக் கேசட்டுக்குள் எங்கள் தெருவே அடங்கிவிட்டது. அதில் தன் மாடி ஜன்னல் கட்டாயம் இருக்கும் என்று டைப்பிஸ்ட்டம்மா சாதித்தாள். மகள் போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் பேரைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஓட்டல் விரிப்புகளோடு அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். டைப்பிஸ்ட்டம்மா பல் டாக்டரிடம். மடிப்புக்குப் பொறுக்கவில்லை. அக்கா திரும்பி வரும்போது திரையில் கடை இருக்க வேண்டும், "வா, வந்து பாரு" என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கேசட்டைப் போட்டார். கொசுக்கள் பாடின. பாடிக்கொண்டே இருந்த கொசுக்கள் ஒரு இடத்தில் பசுமாடு மாதிரிக் கத்தி, நின்றன. மூடியைத் திறந்தால் நாடா உருளையில் சுற்றிக்கொண்டு குடல் மாதிரி வெளியே வந்தது. கத்தரிக்கோல் தொடாமல், நகம் தொடாமல், குழந்தையின் தலையில் சிக்கெடுப்பது போல எடுத்தார். அறுபடவில்லை. ஆனால் ஒரு கை நீளத்துக்குச் சுருங்கி, கசங்கி, விசிறி மடிப்பாக மடிந்து கிடந்தது.

கசங்கின எதையாவது அவர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஐம்பது வருஷமாக என்ன செய்தார்?

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தார். நாடாவை அதன்மேல் நீட்டிவைத்து, ஓரங்களைக் குண்டூசிப் பெட்டியாலும் சோப்புக் கட்டியாலும் அழுத்தினார். மேலே மெல்லிய ஈரத்துணி. இஸ்திரிப்பெட்டியின் சூட்டுத் திருகில் துணிக்குறி பார்த்து வைத்துவிட்டு, சூட்டைத் தன் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார். எத்தனை கல்யாணப் பட்டு பார்த்த கை அது. அழுத்தாமல், பெட்டியின் எடை மட்டும் படும்படி, ஒரே ஒரு தடவை ஓட்டினார். துணியை எடுத்துப் பார்த்தார். நாடா மழைத்தண்ணீர் ஓடின தார்ரோடு மாதிரிப் பளபளவென்று கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. பென்சிலை விட்டுச் சுற்றி, கேசட்டுக்குள் திரும்பப் போட்டார். அவர் வாழ்நாளில் அதைவிட அழகாக எதையும் தேய்த்ததில்லை.

ஓடவிட்டார். கொசுக்கள் பாடின. அந்த இடம் வந்ததும் ஊமையாகிவிட்டன. ஊமை முடிந்து மறுபடி பாடின. கடை என்ற பெயர்கூட வரவில்லை. சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், தலையைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டார். நாலு கடை தள்ளி இருக்கிற ரேடியோ ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டு, யாருக்கோ நடந்தது போல விசாரித்தார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கசங்கினதோடு விட்டிருந்தால் மெல்ல நீவிவிட்டு ஒருவேளை பாட வைத்திருக்கலாம். சூடு பட்டால் நாடா இழுபட்டுவிடும், மேல்பூச்சு போய்விடும், அப்புறம் அது வெறும் ரிப்பன். "யாரு சார் அந்தப் புண்ணியவான், கேசட்டை இஸ்திரி போட்டது?" என்று சிரித்தாராம்.

மடிப்பும் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

அக்கா வந்ததும், என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னும் பிடிபடல, பார்க்கிறேன் என்றார். அடுத்த நாளும் அதே பதில். அந்த வாரம் அவர் ஒரு சட்டையைக் கருக்கினார். மடிப்பு சட்டையைக் கருக்கினார் என்பதை எங்கள் தெரு நம்பவே இல்லை. சட்டைக்காரர் அதைப் பத்திரமாக எடுத்துப்போய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அக்கா அந்தச் சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போர்வை மடிக்கும்போது மட்டும், கைகள் முட்டின இடத்தில் கொஞ்சம் நின்றாள். "அவசரம் இல்லைங்க. மெதுவா பாருங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதுதான் அவரை அடித்துப்போட்டது. மாடிக்குப் போய் டைப்பிஸ்ட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, நானே ஒரு கடை போடறேன், அவ போட்டதுன்னு காட்டிடறேன், நீ கூட இரு என்றார்.

டைப்பிஸ்ட்டம்மா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தாள். "நான் பொய் தட்ட மாட்டேண்ணே. நீங்க தட்டுங்க. எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தரேன்."

அக்கா வண்டியோடு வெளியே போகிற நேரங்களில் பாடம் நடந்தது. இஸ்திரி பிடித்த பெரிய கை அது; ஒரு விரல் வைத்தால் மூன்று எழுத்து விழும். வரிக்கு எண் போட வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அச்சடி என்றால் திரையில் எழுதும், இந்த வரிக்குத் திரும்பிப் போ என்றால் போகும் என்று கற்றுக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தினால் சொன்னதெல்லாம் மறந்துவிடும் என்பதை, இரண்டு தடவை எல்லாவற்றையும் தொலைத்த பிறகு கற்றுக்கொண்டார். கடைசியில் தயாரானது இரண்டே வரி. ஓடு என்று சொன்னால், அப்பா கடை, அப்பா கடை என்று ஆங்கில எழுத்தில் திரை நிறைய, கீழிருந்து மேலாக நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அது முதல்முறை ஓடினபோது, பாவம், அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும். டைப்பிஸ்ட்டம்மா அப்படித்தான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் என் கோட்டு வாங்கப் போயிருந்தேன். முன்னால் யாரும் இல்லை. பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம். மடிப்பு நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். டைப்பிஸ்ட்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துக்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

அக்கா அவசரப்படவில்லை. துணியில் கறை தேடுகிற மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"இது அவ போட்டதா?"

"ஆமா. வந்துடுச்சு பாரு."

"இதுல நான் இல்லையே" என்றாள்.

மடிப்பு நாற்காலி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"அவ போட்டிருந்தா அம்மான்னு ஒரு வரி இருந்திருக்கும். இது ஆம்பளை போட்டது." அக்காவின் குரல் ஏறவில்லை. "கேசட் என்ன ஆச்சு?"

"சிக்கிக்கிச்சு. கசங்கிடுச்சு."

"இஸ்திரி போட்டீங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எந்தச் சூட்டுல?"

"பட்டுச் சூடு."

"ஈரத்துணி போட்டீங்களா?"

"போட்டேன். வெயிட்டே குடுக்கல. ஒரு ஓட்டுதான்."

"அது நைலான் மாதிரி இல்ல இருக்கும்? திருகை நைலான்ல வெச்சிருக்கக் கூடாதா?"

"தோணுச்சு" என்றார் மடிப்பு. "அவளுதாச்சே. நைலான்னு நினைக்க மனசு வரல."

அக்கா பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இந்த மனுஷர் இப்போது வெந்துபோகப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"நானா இருந்தாலும் பட்டுன்னுதான் வெச்சிருப்பேன்" என்றாள்.

அப்பா கடை, அப்பா கடை என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லும் விசையை டைப்பிஸ்ட்டம்மா எட்டித் தட்டினாள். திரை அசையாமல் நின்றது.

அக்காதான் மறுபடி பேசினாள். கணவரைப் பார்க்காமல், திரையைப் பார்த்து.

"நான் ஒரு தடவை பாத்திருக்கேங்க."

"எதை?"

"அவ போட்டதை. மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவளைத் தாண்டிப் போனேன். இதே மாதிரி நீலமா இருந்துச்சு. சட்டை மாதிரி, சின்னதா, கட்டம் கட்டமா... அது நகந்துச்சு. நான் நிக்கல. அவ முதுகு காட்டி உக்காந்திருந்தா, நான் பாத்ததே அவளுக்குத் தெரியாது."

மடிப்பு நாற்காலியை விசைகளுக்கு அருகில் இழுத்துக்கொண்டார். அவர் போட்ட இரண்டு வரியையும் அழித்தார். அது எப்படி என்று யாரையும் கேட்கவில்லை.

"சொல்லு. எப்படி நகந்துச்சு? மேலேருந்து கீழயா, கீழேருந்து மேலயா?"

"இருங்க."

"சட்டை தொங்குற மாதிரி இருந்துச்சா? இல்ல மடிச்சு வெச்ச மாதிரியா?"

"இருங்க, சொல்றேன்."

அக்கா கண்ணை மூடினாள். வலது கையைத் தூக்கினாள். ஊறி ஊறி வெளுத்த கை. அது கொஞ்சம் மேலே போயிற்று. பிறகு இல்லை என்பது போலத் தலையை அசைத்தாள். கை கீழே வந்தது. அதுவும் இல்லை போலிருந்தது. பாதி வழியில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

மடிப்பு விசைமேல் விரலை வைத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.